உவரியிலிருந்து வந்த கடைசி டப்பா

வாசலில் நின்று தண்ணீர் கேட்டால் மோரே கிடைக்கும் ஊர் எங்கள் ஊர். பிள்ளையின் மலத்தைக் கேட்டால்தான் கதவைச் சாத்துவார்கள். அதைக் கேட்டு வாங்குவதுதான் என் வேலை. சொட்டு மருந்து கொடுக்கவும் கணக்கெடுக்கவும் வீடு வீடாகப் படியேறி இறங்குகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு வந்து சேரும் நல்ல கிருமிகள் சில, சிசேரியனில் பிறந்தால் வந்து சேர்வதில்லை. பிறந்த சில வாரங்களிலேயே அந்தக் கிருமிகளையும் அவற்றுக்கான தீனியையும் பொடியாகக் கொடுத்தால், வளர்ந்த பிறகு பலன் தெரியுமா? அதைத்தான் எங்கள் ஆய்வு கேட்டது. அப்படிப் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தப் பொடி, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று தாய்க்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஐந்து வயதில் எல்லாரையும் மறுபடி பார்த்து, ஆளுக்கொரு டப்பா மலம் வாங்கி வர வேண்டும். என் பட்டியலில் முப்பத்தொரு பிள்ளைகள். "ஒருத்தரையும் விடமாட்டேன்" என்று ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

பேட்டையில் முதல் கதவு

அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. எண்ணெய்க் கையோடு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியோடு ஒட்டியிருந்த குட்டிக் கரண்டியைக் காட்டி, எவ்வளவு எடுக்க வேண்டும் என்று விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, டப்பாவோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் காலையில் அவரே சைக்கிளில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார், கையில் டிபன் பையோடு. பையை நீட்டிக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, கரண்டு ரீடிங் எடுக்க ஒரு ஆளு வாரான், தண்ணி வரிக்கு ஒரு ஆளு வாரான். இதுக்குமா ஆளு போட்டிருக்காவ?"

சாத்தான்குளத்து இரட்டையர்

இரட்டைப் பையன்கள். பிறந்த புதிதில், பெயர் எழுதிய பொடிப் பொட்டலங்கள் தனித்தனியாகப் போயிருந்தன. ஐந்து வருடம் கழித்து, இரண்டு டப்பாக்களையும் என்னிடம் தந்துவிட்டுத்தான் அம்மாக்காரி வாய் திறந்தாள். அப்போது இரண்டு பொட்டலத்தையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கலக்கி, பாதிப் பாதியாக ஊட்டினாளாம்!

உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர், "நடந்ததை நடந்தபடி எழுதுங்க" என்றார். நான் எழுத எழுத, அவள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "இதையும் சேத்து எழுதுங்கக்கா. ரெண்டும் ஒரே வயித்துல கெடந்ததுவ. ஒருத்தனுக்கு மருந்து, ஒருத்தனுக்கு மாவுன்னு பெத்தவ எப்படி ஊட்டுவா?"

மடியில் ஒரு பெட்டி

முப்பது டப்பா வந்தாயிற்று. மிச்சம் உவரியில் படகுக்காரர் ஒருவரின் மகள் ஜெசிந்தா. கொல்லத்துக்கு வேலைக்குப் போயிருந்த குடும்பம் அன்றுதான் ஊர் திரும்பியிருந்தது. பாளையங்கோட்டை ஆய்வுக்கூடம் டப்பா வாங்கும் கடைசி நாளும் அன்றுதான். சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

பழம் கொடுத்தார்கள், வெந்நீர் கொடுத்தார்கள். பிள்ளை உட்கார்ந்தாள், எழுந்தாள். "இவிய நின்னா எனக்கு வராது" என்று என்னைக் கை காட்டினாள். நான் கடற்கரைக்குப் போய் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தேன். டப்பாவைக் குளிராக வைக்க நான் கொண்டுபோன பெட்டியில் இருந்த ஐஸ் மத்தியானத்துக்குள் தண்ணீராகிவிட்டது. மூன்று மணிக்குத் தெருவே அதிர ஜெசிந்தாவின் அம்மா போட்ட சத்தம்: "எக்கா, வந்துட்டு!" மீன் கூடையோடு நின்ற பெண்கள் கை தட்டினார்கள். ஜெசிந்தா படியில் நின்று, பரிசு வாங்கியவள் போல் எல்லாரையும் பார்த்தாள்.

அவள் அப்பா என் பெட்டியை வாங்கித் தண்ணீரைக் கொட்டினார். மீனுக்கு உடைத்து வைத்திருந்த ஐஸை அள்ளி, டப்பாவைச் சுற்றி நிரப்பினார். பாளையங்கோட்டைக்குக் கிளம்பிய மீன் வண்டியின் முன் சீட்டில் என்னை ஏற்றிவிட்டார். பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். டிரைவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். திசையன்விளை தாண்டியதும் அவரால் அடக்க முடியவில்லை: "எக்கா, பின்னால சீலா கெடக்கு, வாளை கெடக்கு. அதையெல்லாம் விட அப்படி என்ன மீனுக்கா உங்க மடியில?"

ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது முப்பத்தோராவது டப்பாவும் ஆய்வுக்கூடத்துக்குள் போய்விட்டது. நல்ல கிருமி எந்தப் பிள்ளையின் வயிற்றில் தங்கியதோ இன்னும் தெரியாது, உவரி மீன் வாசம் மட்டும் என் சேலையில் மூன்று நாள் தங்கியது.