அவர் இடத்தில் அவள்

டைல்ஸ் கிடங்கின் கணக்கர் பக்கவாதத்தில் விழுந்த சில நாட்களிலேயே அவருடைய நாற்காலியில் அவர் மனைவி வந்து உட்கார்ந்தாள்.

"அவர் எழுந்து வர்ற வரைக்கும் நான் பார்த்துக்கறேன் சார். அவர் இடத்தை வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க."

அவள் கெஞ்சிய கெஞ்சலில் முதலாளி கரைந்துவிட்டார். கம்ப்யூட்டரில் இருந்த சரக்கு மென்பொருள்தான் கரையவில்லை. கிடங்கில் பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருக்க, திரையோ 'இருப்பு இல்லை' என்றது. அதை நம்பி, சரக்கு வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய முதலாளி, பிறகு கிடங்கைத் திறந்து பார்த்துவிட்டு அவளைப் பார்த்த பார்வையில் அவள் பாதி செத்துப்போனாள். இப்படியே போனால் அவர் இடம் வேறு யாருக்கோ போய்விடும். அவரையே கேட்கலாமென்றால் வாய் பேச வரவில்லை. எழுதிக் காட்ட வலது கையும் எழவில்லை.

வேறு போக்கிடமில்லாமல், அதே மென்பொருளில் வேலை செய்கிறவர்களின் சங்கக் கூட்டத்துக்குப் போனாள். மாதத்துக்கொரு சனிக்கிழமை கணவர் ஓடி ஓடிப் போன கூட்டம். "சின்ன வீடு கூப்பிடுதாக்கும்?" என்று அவள் இடித்துப் பேசிய கூட்டம்.

ஒரு நூலகத்தின் மாடியறை. பெயின்ட் கடைக் கணக்குக்காரி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உடைஞ்ச டைல்ஸை எப்படிக் கழிக்கிற?"

"ஒண்ணு உடைஞ்சா ஒண்ணுன்னு போடறேன்கா."

"பெட்டிக் கணக்குலயா, ஒத்தை டைல்ஸ் கணக்குலயா?"

அவள் திருதிருவென்று விழித்தாள்.

"அடிப்பாவி! ஒரு டைல்ஸ் உடைஞ்சதுக்கு ஒரு பெட்டியையே முழுங்கியிருக்கியே!" அறையே சிரித்தது. அவள் கண் கலங்குவதைப் பார்த்ததும் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதடி. ஒரு டப்பா ஒழுகினதுக்கு ஒரு அட்டைப்பெட்டி சரக்கையே கழிச்சவ நான். உன் வீட்டுக்காரர்தான் பொறுமையா உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார்."

அதைக் கேட்டபிறகுதான் அவள் உடைந்து அழுதாள். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர், இங்கே இத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். 'அங்க என்னங்க பேசினீங்க?' என்று ஒருநாளாவது கேட்டிருப்பாளா, பாவி?

அன்று முதல் ஒரு கூட்டத்தையும் அவள் விடவில்லை. சந்தேகம் வந்தால் அக்காவுக்குப் போன். அக்காவுக்கும் தெரியாவிட்டால் சங்கத்தில் வேறு யாருக்காவது தெரிந்திருக்கும். கிடங்கும் திரையும் ஒத்துப்போயின. ஒருநாள் முதலாளி அவளெதிரே வந்து நின்றார்.

"நீங்களே நிரந்தரமா இருந்துடுங்கம்மா. இனிமே அவர்..." மேலே சொல்லாமல் திரும்பி நடந்தார்.

மாலையில் கணவருக்குக் கஞ்சி ஊட்டியபடியே உடைந்த டைல்ஸ் கதையைச் சொன்னாள். பாதி வாயால் அவர் சிரித்தார். முதலாளி சொன்னதைச் சொன்னபோது அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

"வேணாம்னு சொல்லிடவாங்க? உங்க இடம்ங்க அது."

மறுக்க வேண்டாமென்று தலையசைத்தார். இடது கையைத் தூக்கி, தடுமாறி, அவள் தலைமேல் வைத்தார்.

கோபித்திருக்கலாம். கஞ்சியைத் தட்டிவிட்டிருக்கலாம். திரும்பி வருவேன் என்று ஒரு பிடிவாதமாவது காட்டியிருக்கலாம். அவர் ஆசீர்வதித்துவிட்டாரே என்றுதான், அந்த மார்பில் விழுந்து அவள் கதறினாள்.