தைப்பூசத்தன்று தூக்கி வந்த முதல் நோயாளி

ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்த காலத்தில் எத்தனையோ நோயாளிகளுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். ஆனால் எந்த நோயும் இல்லாத ஒருவரைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. முப்பதுகளில், பினாங்கில் ஒரு தைப்பூசத்தன்று, எங்கள் முதலுதவிப் படை தூக்கி வந்த முதல் ஆள் அவர்.

படை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சுங்கை பினாங்கில் எங்கள் சங்கத்து இளைஞர்கள் சிலர், அவ்வளவுதான். எல்லாரும் கிராணிகள், அதாவது ஆபீஸ் குமாஸ்தாக்கள். தலைவர் நடேசன், ஒரு கப்பல் கம்பெனியில் பெரிய கிராணி. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நான் பயிற்சி கொடுப்பேன். ஒருவர் கையை ஒருவர் கட்டிக் கட்டி அலுத்துப்போய், நிஜ நோயாளி எப்போது கிடைப்பான் என்று ஏங்கிக்கொண்டிருந்தார்கள். புது ஸ்ட்ரெச்சர் வேறு வந்திருந்தது.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையோரம் கூடாரம் போட்டோம். தார் ரோட்டில் நடந்து கால் கொப்புளித்தவர்களுக்கு நான் மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். "வழி விடுங்க, வழி விடுங்க!" என்று நடேசன் முன்னால் ஓடி வந்தார். பின்னால் ஸ்ட்ரெச்சரில் ஓர் ஆள்.

"டிரஸ்ஸரே, வலிப்பு! கண்ணு மேல சொருகி, உடம்பு அப்படியே உதறிச்சு. புத்தகத்துல போட்ட மாதிரியே லா!"

ஆளின் காலில் பலகை வைத்துக் கட்டியிருந்தது. கால் எலும்பு முறிந்துவிட்டதா என்று கேட்டேன்.

"இல்ல. எதுக்கும் இருக்கட்டுமேன்னு கட்டினோம்."

ஆள் கண் திறந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் முனியாண்டி. "என் காவடி எங்கடா?" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அருள் வந்து ஆடியவரை வலிப்பென்று அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்! அதற்குள் அவர் மனைவி, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"இந்தப் புள்ள காய்ச்சல்ல பிழைக்காதுன்னுட்டாங்க. காவடி எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டாரு, பிழைச்சுது. பாதி வழியில இப்படிப் பண்ணிட்டீங்களே! காவடி தரையில பட்டா எல்லாம் போச்சு. உங்க படைத் தம்பி ஒருத்தர் கையிலதான் குடுத்துட்டு வந்திருக்கேன், கீழ வைக்காதீங்கன்னு. அவரு வேதக்காரப் புள்ள. அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

முனியாண்டி பலகையைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடினார். நாங்களும் ஓடினோம்.

நடுச்சாலையில் நின்றுகொண்டிருந்தான் எங்கள் படைப் பையன் சேவியர். மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிறவன். தோளில் மயிலிறகுக் காவடி. சுற்றிலும் "வேல் வேல்" என்று கூட்டம். இரண்டு பெண்கள் பயபக்தியோடு அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சட்டை தொப்பலாக நனைந்து, முகம் சிவந்து, அசையாமல் நின்றான்.

"டிரஸ்ஸர் அண்ணே, சீக்கிரம் வாங்க லா. எங்க பாதர் இந்தப் பக்கம் வந்தா நான் என்ன பதில் சொல்றது?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முனியாண்டி சிரிக்கவில்லை. காவடியில் தொங்கிய பால் செம்புகளைப் பார்த்தார். சிந்தவில்லை.

"எங்கேருந்து நடந்து வந்தே தம்பி?"

"நடக்கலண்ணே. எல்லாரும் போ போன்னு தள்ளினாங்க. நீங்க நடக்க வேண்டிய வழிய நான் எப்படி நடக்கறது? உங்களத் தூக்கின இடம் இதுதான்."

முனியாண்டி பக்கத்தில் போய் நின்றார். காவடி தோளிலிருந்து தோளுக்கு மாறியது. "நீங்க நல்லா இருக்கணும் தம்பி" என்று சொல்லும்போதே முனியாண்டியின் மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் கண் கலங்கியது.

நடேசன் காலி ஸ்ட்ரெச்சரோடு பின்னாலேயே கிளம்பினார், ஒருவேளை மறுபடி விழுந்தால் என்று. அந்த அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மனுஷர் அப்படியே நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு முதலுதவி சொல்லிக்கொடுத்தேன். கட்டுப் போடுவதெல்லாம் அப்புறம்தான். ஒருவரைத் தூக்குமுன் அவரிடமோ கூட வந்தவரிடமோ கேளுங்கள் என்பதுதான் முதல் பாடம். கேட்காமல் தூக்கிவிட்டீர்களா? அவர் திரும்பி வரும்வரை, அவர் விட்ட இடத்திலேயே சேவியரைப் போல நில்லுங்கள்.