வெள்ளிக்கிழமை நான் அழித்த கோப்புகள்

சென்ற செவ்வாய் காலை, பூசை முடித்து எழும்பும் வேளையில் கைத்தொலைபேசி ஒலித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஜெசிந்தா. "ஐயா, அவர் போயிட்டாரு. விடிய நெஞ்சு நோகுது எண்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரல்ல." கணினி திருத்தும் பெனடிக்ற் மறைந்த செய்தியை அவருடைய மனைவி எனக்கு இவ்வாறு அறிவித்தார். அன்று முதல் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உருத்திராக்கத்தை உருட்டினால் எண்ணிக்கை தவறுகிறது. வெள்ளவத்தையில் அவரை அறிந்த அன்பர்களுக்கு நான் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி செலுத்தும் தகுதி எனக்கில்லை.

அவர் கணினியைத் திறக்குமுன் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுவார். முதன்முறை அதைக் கண்டபோது, "உம்முடைய சாமி என்ர கணினியைத் திருத்துவாரோ?" என்று கேட்டேன். "எங்கட சாமி தச்சு வேலதான் பழகினவர் ஐயா. இத நான்தான் பாக்கணும்," என்றார். இருவரும் சிரித்தோம். எங்கள் நட்பு அந்தச் சிரிப்பில் தொடங்கியது.

கடந்த ஆண்டு மழைக்காலத்தில் மின்னலோடு மின்சாரம் தடைப்பட, என் கணினி உயிரிழந்தது. எங்கள் கோயிற் பதிகங்களுக்கு நான் ஒன்பது ஆண்டுகளாக எழுதிவந்த உரை அதற்குள் இருந்தது. வேறு படி எடுத்துவைக்கவில்லை. பெனடிக்ற் ஒரு வியாழக்கிழமை முழுவதும் இருந்து இயங்குதளத்தை மீட்டார். எஞ்சிய பழைய கோப்புகள் அனைத்தும் ஒரு கோப்புறையில் ஒதுங்கின. செயலிகளை இனி ஒவ்வொன்றாக மீள நிறுவவேண்டும். புறப்படும்போது அவர் சொன்னார்: "இத அப்பிடியே விடுங்க ஐயா. சனிக்கிழமை வந்து எல்லாத்தையும் போட்டு, திறந்து பாத்துட்டுத்தான் துப்பரவாக்குவம். அழிக்கிறது கடைசி வேல."

மறுநாள் வெள்ளிக்கிழமை. பூசைக்கு முன் வீட்டில் குப்பை தங்கலாகாது என்பது என் நியமம். கூட்டி, மெழுகி, விளக்கு மினுக்கியபின் அந்தக் கோப்புறை நினைவில் உறுத்தியது. திறந்தேன். பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் பொருளின்றிச் சிதறிக் கிடந்தன. இயந்திரம் கக்கிய கழிவென்று எண்ணி முழுவதையும் அழித்தேன். அழித்தவை தங்கும் தொட்டியையும் காலிசெய்தேன். பிறகு நிறைந்த மனத்தோடு பூசையில் அமர்ந்தேன்.

மாலையில் உரையைத் தேடினேன், எங்கும் இல்லை. பதறிப்போய் அவரை அழைத்தேன்.

"அந்தப் பழைய கோப்புறைக்குள்ளதானே ஐயா இருக்கு. நீங்க அடிச்ச பழைய எழுத்துரு இன்னும் போடல்ல. அதால இங்கிலிஷ் மாதிரிக் காட்டும். அதுல கைய வச்சீங்களா?"

அந்தக் கணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருந்தும் என் நா சொன்னது வேறு. "நான் ஒண்டையும் தொடேல்லை. நீர்தான் துலைச்சுப்போட்டீர்!"

"சரி ஐயா. கணினிய அணைச்சு வைங்க. ஒண்டும் எழுதாதீங்க. அழிஞ்ச இடத்துல புதுசு உக்காந்தா எடுக்கேலாது."

அன்று மாலை கோயில் மண்டபத்தில் உங்களிற் பலர் முன்னிலையில், கொட்டாஞ்சேனை ஆள் என் ஒன்பது ஆண்டு உழைப்பை நாசமாக்கினார் என்றேன். வாய்மையைப் பற்றி அதே மண்டபத்தில் பல முறை விரிவுரை செய்தவன் நான்.

அவர் சனி, ஞாயிறு இரு நாளும் வந்தார். ஞாயிறு திருப்பலிக்கும் போகவில்லை. அழிந்தவற்றைத் துண்டு துண்டாகக் கணினியின் வட்டிலிருந்து தோண்டி எடுத்தார். ஒவ்வொரு கோப்பும் எந்த நாள், எந்த நேரம் அழிக்கப்பட்டது என்பது திரையில் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "புழுக்கமா இருக்கு, கொஞ்சம் தண்ணி தாங்க ஐயா," என்று மட்டும் சொன்னார். பழைய எழுத்துருவை நிறுவியதும் அந்தச் சிதறல் என் தமிழாக எழுந்து நின்றது. இரண்டு பதிகங்களின் உரை தவிர அனைத்தும் மீண்டது. நான் அவர் கைகளைப் பற்றிக்கொண்டேன். நன்றி சொன்னேன். உண்மையைச் சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்வோம் என்று நினைத்தேன். பதினான்கு மாதங்கள் சென்றன.

புதன்கிழமை செத்தவீட்டுக்குப் போனேன். பெட்டியருகே ஜெசிந்தாவிடம், "பிள்ளை, அதுகளை அழிச்சது நான்தான்," என்றேன்.

"தெரியும் ஐயா. அண்டைக்கே சொன்னாரு. வயசான மனுசன், வெக்கப்பட்டுப் போயிருவாரு, யாருக்கும் சொல்லாத எண்டாரு." ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "உங்கட கதையக் கேட்டு வெள்ளவத்தையில மூணு வீடும் கோயில் நிர்வாகக் கந்தோரும் அவரக் கூப்பிடுறத விட்டாங்க. இங்க எனக்குச் சொல்லி என்ன? அங்க போய்ச் சொல்லுங்க."

ஆகவே சொல்கிறேன். அழித்தவன் நான். அறிந்தே பொய் சொன்னவனும் நான். பெனடிக்ற் தம் தொழிலிற் பிழை செய்யவில்லை. என் சொல்லை நீங்கள் எவரிடம் கொண்டுசென்றீர்களோ, அவரிடம் இதையும் கொண்டுசெல்லுங்கள்.

மீண்ட உரை விரைவில் அச்சேறி உங்கள் கைக்கு வரும், அது பொதுச்சொத்து. அவரிடமிருந்து எனக்கென்று எஞ்சுவது, என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவர் பொறுத்திருந்த அந்தப் பதினான்கு மாதங்கள். திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் அவற்றை வைத்திருக்கிறேன்.