பதினொரு மாதத்துக்குப் பூஜ்யம்

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் அரைப்புள்ளி. நிரலில் வரி முடியும் இடத்தில் அரைப்புள்ளி வைக்க மறந்தவனை அவர் லேசில் விட்டதில்லை. கணினித் துறையில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வோர் ஒப்பந்தமும் பதினொரு மாதம். பன்னிரண்டாவது மாதம் பதவியும் சம்பளமும் இல்லாமல் வீட்டில் உட்கார வேண்டும். ஓராண்டு நிறைந்தால் நிரந்தரம் கேட்டுவிடுவார்களாம். ஆளை ஏய்க்க இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போடப் படித்தவர்களால்தான் முடியும்.

ஒரு நிரலை ஓட்டிப் பார்க்கும் முன்பே அதிலுள்ள பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நிரல்மொழி ஆராய்ச்சிக்கென்று ஒரு நிரந்தர விரிவுரையாளர் தேவை என்று இந்த ஆண்டுதான் முதல்முறையாக விளம்பரம் வந்தது. வயது வரம்பு நாற்பத்தைந்து. அதைத் தொட அவருக்கு நான்கு மாதம் இருந்தது. இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை.

நேர்முகத் தேர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

நியமனப் பிரிவின் கண்காணிப்பாளர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். "அஞ்சு வருஷ அனுபவம் கேட்டிருக்கோம் மேடம். உங்களுக்குப் பூஜ்யம்னு வந்திருக்கு."

"பூஜ்யமா? உங்க பொண்ணுக்கே மூணு பருவம் நான்தானே சார் பாடம் எடுத்தேன்?"

"எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியணுமே. அதுவும் நீங்க எழுதிக் குடுத்த ப்ரோகிராம்தான்."

உண்மைதான். விண்ணப்பித்தவர்களின் அனுபவத்தைக் கையால் கணக்கிட்டுத் திண்டாடிய அந்தப் பிரிவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மதிய இடைவேளையில் அவசரமாக எழுதிக் கொடுத்தது. திறந்து பார்த்தார். ஒவ்வொரு பணிக்காலத்தையும் தனித்தனியே பன்னிரண்டால் வகுத்து, மீதியைத் தள்ளிவிட்டு, அப்புறம் கூட்டியது. பதினொரு மாதத்துக்குப் பூஜ்யம் ஆண்டு. பன்னிரண்டு பூஜ்யங்களைக் கூட்டினாலும் பூஜ்யம். முதலில் கூட்டிவிட்டு வகுத்திருந்தால் முழுசாகப் பதினொரு ஆண்டு. இப்படி வகுத்துவிட்டுக் கூட்டிய மாணவனுக்கு அவரே மதிப்பெண் குறைத்திருப்பார்.

"ரெண்டு வரியை இடம் மாத்தினாப் போதும் சார்."

"விண்ணப்பிச்சவங்களே வந்து மாத்திட்டுப் போனாங்கன்னு நாளைக்கு எவனாவது எழுதிப் போடுவான். என் தலைதான் உருளும். பட்டியல்ல துணைவேந்தர் கையெழுத்தும் ஆயிடுச்சு."

அரைப்புள்ளி வாதாடவில்லை. வேறொன்று உறைத்திருந்தது. "இதை இதுக்கு முன்னாடி எந்தெந்தத் துறைக்கு ஓட்டினீங்க?"

"எல்லாத்துக்கும்தான்."

வேதியியல் துறையில் ஒன்பது ஒப்பந்தம் பார்த்தவர் ஒருவர், தினமும் இவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர், போன ஆண்டு நிரந்தரப் பணிக்கு விண்ணப்பித்து, தகுதியில்லை என்ற கடிதத்தோடு வெளியேறியிருந்தார். இப்போது பெயிண்ட் கடையில் நிறம் கலந்து கொடுக்கிறார். அரைப்புள்ளி நேரே அங்கே போனார்.

"வாங்கக்கா. வீட்டுக்கு வண்ணம் பூசற அளவுக்கு வந்தாச்சா? வேலை உறுதியாயிடுச்சு போல."

நின்றபடியே சொல்லி முடித்தார். "உன்னைத் தள்ளினது நான்தான் தம்பி."

வேதியியல்காரர் நிறம் கலக்கும் இயந்திரத்தை நிறுத்தினார். "அப்போ எனக்குத் தகுதி இருந்துச்சா?"

"எட்டு வருஷம் மூணு மாசம். கூட்டிப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"பதினோரு மாசம்னு வெட்டினது நீங்க இல்லையேக்கா." ரொம்ப நேரம் டப்பா மூடியையே துடைத்துக்கொண்டிருந்தார். "நான் லாயக்கில்லைன்னே நெனச்சுட்டேன். வீட்லயும் அப்படித்தான் நெனச்சிருக்காங்க. அந்த எட்டு வருஷத்தை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. காட்டணும்."

நிற அட்டை ஒன்றின் பின்புறத்தில் அரைப்புள்ளி எழுதினார். தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார். அதன் கீழே பதவியை எழுதப் போன கை நின்றுவிட்டது. அவருக்கு அது பன்னிரண்டாவது மாதம்.