ஊதாக் கட்டுத்துணி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒபேரா பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. ஒரு தரமாவது டிக்கெட் எடுத்து முன்னால் இருந்து பார்த்ததில்லை. மேடைக்குப் பக்கத்தில் நின்று, சட்டைக் கழுத்தில் நாலு ஊசி குத்தியபடி கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். சங்க மலருக்கு வேலை அனுபவம் எழுதித் தரும்படி பிள்ளைகள் விடாமல் கேட்டதால் என் முதல் வருடத்தில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். தியேட்டரின் பெயரை எழுதவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

1. மூச்சை எடுத்த பிறகு

அது எண்பத்தாறாம் ஆண்டு. நாங்கள் டென்மார்க்கில் பிரெடெரிசியா என்ற ஊரில் இருந்தோம். கணவருக்குத் தொழிற்சாலை வேலை. எனக்குத் தைக்கத் தெரியும் என்று கொமூன் என்ற நகரசபையில் எழுதி வைத்திருந்தார்கள். அதனால் அரை மணி நேர ரயில் தூரத்தில் இருந்த ஒரு தியேட்டரின் தையல் அறைக்கு அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகுதான் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த மாசி மாதம் ஊர் ஊராகப் போய்ப் பாடும் ஒரு ஒபேராக் குழு வந்தது. உடுப்பு மாட்டிவிடும் பெண்ணுக்குக் காய்ச்சல். தையல் அறைக்குப் பொறுப்பான இங்கர் என்னைப் பார்த்தார்.

"நீ போ. நீ சத்தம் போடாத ஆள். பாட்டுக்காரருக்கு அப்பிடி ஆள்தான் வேணும்."

எனக்குக் கிடைத்தவர் ஒர்னெல்லா என்ற இத்தாலியப் பாடகி. எல்லாரும் அவரை இத்தாலிய மரியாதைப்படி சின்யோரா என்று கூப்பிட்டார்கள். அவர் மெஸ்ஸோ சொப்ரானோ. பெண் குரல்களில் மிக உயர்ந்த சொப்ரானோவுக்கும் மிகத் தாழ்ந்ததற்கும் நடுவில் நிற்கும் குரல் அது. நான் கதவைத் திறந்தபோது அவர் இடுப்புக்கு மேல் ஒன்றும் இல்லாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"கட்டு," என்றார்.

அவருக்கு அந்த ஒபேராவில் இளம் படைவீரன் வேடம். நெஞ்சு தெரியாமல் ஒரு நீளத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன்.

"கண்ணை மூடிக்கொண்டு கட்டினால் பொடியன் கூனலாய்த்தான் மேடைக்குப் போவான்," என்று சிரித்தார். எங்கள் இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். அவர் சொன்னதை நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

கட்டி முடித்ததும் அவருக்கு மூச்சு விட முடியவில்லை. கோபிக்காமல் என் கையை எடுத்துத் தன் விலாவில் வைத்தார். மூச்சை இழுத்தார். விலா கதவு போலத் திறந்தது.

"இப்ப இழு. சும்மா நிக்கிற ஆளைக் கட்டாதை. பாடுற ஆளைக் கட்டு."

இன்று வரைக்கும் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

கட்டும் நேரத்தில் அவர் தன் கதையைச் சொல்லுவார். இருபத்திரண்டு வருடம் பாடியிருக்கிறார். "பதினொரு பொடியன், ஆறு வேலைக்காரி, நாலு சூனியக்காரி. சொப்ரானோ செத்து விழுவாள், அவளுக்குப் பூ வரும். நஞ்சுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வாறது நான். எனக்கு ஆர் பூத் தாறது?" என்பார். பொடியன் வேடம்தான் அவருக்குப் பிடித்தது. எல்லோரிடமும் வயது நாற்பத்திரண்டு என்றுதான் சொல்லி வைத்திருந்தார். என்னிடம் மட்டும் நாற்பத்தொன்பது என்றார்.

2. சனிக்கிழமை

இதற்கு முன் இரண்டு நகரங்களில் சின்யோரா கடைசி நேரத்தில் பாடாமல் விட்டிருந்தார். ஒத்திகையிலும் அரைக் குரலில்தான் பாடினார். முழுக் குரலை ஒருவரும் கேட்கவில்லை. தியேட்டர் மானேஜர் ப்ரெபென் வெள்ளிக்கிழமை உடுப்பு அறை வாசலில் நின்று இங்கரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஞாயிற்றுக்கிழமையும் பாடாவிட்டால் ஏஜெண்ட் அவவைக் கை கழுவிப் போடுவார். பிறகு ஒரு இடத்திலும் கூப்பிடாயினம்."

சனிக்கிழமை மத்தியானம் நான் பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். சின்யோரா கண்ணாடிக்கு முன் நின்று முதல் முறையாக முழுக் குரலில் பாடிப் பார்த்தார். பாட்டு மேலே ஏறும் இடம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. காய்ந்த தடி முறிவது போன்ற சத்தம். மறுபடியும் பாடினார். மறுபடியும் முறிந்தது.

அவர் திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீ ஒண்டும் கேக்கேல்லை."

"ஓம்," என்றேன்.

அந்தப் பதற்றத்தில் வெள்ளைக் கட்டுத்துணியைத் தொண்ணூறு பாகைத் தண்ணீரில் தோய்க்கப் போட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது அரைவாசியாகச் சுருங்கியிருந்தது. இங்கர் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த நாளில் டென்மார்க்கில் சனி மத்தியானம் பூட்டிய கடை திங்கள்தான் திறக்கும். மிச்சத் துணிப் பெட்டியைக் கொட்டினேன். போதிய நீளத்தில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றுதான் இருந்தது. நல்ல ஊதா நிறம்.

வீட்டில் மெஷினில் ஓரம் அடிக்கும்போது கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, கோயில் சுருவத்துக்கு மூடுற துணியே? உம்மடை இத்தாலிக்காரியையும் உயிர்த்த ஞாயிறு வரைக்கும் மூடி வைக்கப் போறீரோ?"

"பகிடியை விடுங்கோ. அவவும் வேதக்காரிதானே. தபசு காலத்திலை இந்த நிறத்தைக் கண்டால் சந்தோசப்படுவா."

நான் மன்னாரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலத்தில் சுவாமியார் ஊதா உடுத்துவார். சுருவங்களை, அதாவது கோயில் சிலைகளை, ஊதாத் துணியால் மூடுவோம். எனக்கு அது பயபக்தியான நிறம். இத்தாலி பாப்பரசர் இருக்கும் நாடு. அங்கே பிறந்தவருக்கு அது வேறு விதமாக இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

3. ஞாயிறு மூன்று மணிக் காட்சி

இரண்டேகால் மணிக்கு நான் துணியை விரித்தேன். சின்யோரா அலறினார். அப்படி ஒரு அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கதிரை விழுந்தது. சுவரோடு ஒட்டி நின்று, துணியைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார்.

இங்கரும் ப்ரெபெனும் ஓடி வந்தார்கள்.

"ஊதா! பாடுற ஆளின்ரை நெஞ்சிலை கட்ட ஊதா! நான் இண்டைக்குப் பாட மாட்டன். இவள் என்னைக் கொன்று போட்டாள்!"

ப்ரெபென் என்னைப் பார்த்தார். "இத்தாலிக்காரருக்கு மேடையிலை ஊதா ஆகாதெண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியாது."

"நாளைக்குக் காலமை நீ ஒபீசுக்கு வா," என்று சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். "சின்யோரா, பத்து நிமிசம் தாறன். யோசியுங்கோ." இங்கர் வெள்ளைத் துணி தேட ஓடினார். ப்ரெபென் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். துணியை மடிக்கும்போது கண்ணாடியில் சின்யோராவின் முகம் தெரிந்தது. அதில் பயம் இல்லை. பாரத்தை இறக்கி வைத்தவரின் முகம் அது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அலறியது உண்மையாக இருக்கலாம். ஆனால் பாடாமல் இருக்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அந்தக் காரணம் நான்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என் வாய் திறந்தது.

"உங்கடை குரல் நேற்று உடைஞ்சது, சின்யோரா. இந்தத் துணி இண்டைக்குத்தான் வந்தது."

சொன்ன பிறகு நானே திடுக்கிட்டுப் போனேன். பெரியவர் ஒருவரோடு வாழ்க்கையில் அப்படிக் கதைத்ததில்லை. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பித் துணியைப் பார்த்தார்.

"ஏன் ஊதா?" என்று கேட்டார்.

சுருவங்களை மூடுவதைச் சொன்னேன். அவர் கதிரையை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"எங்கடை ஊரிலை முந்தி தபசு காலத்திலை தியேட்டர் எல்லாம் பூட்டிப் போடுவினம். நாற்பது நாள் பாட்டுக்காரருக்கு வேலையும் இல்லை, சாப்பாடும் இல்லை. அதுதான் எங்களுக்கு இந்த நிறத்திலை பயம்." துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். "உனக்குச் சாமி. எனக்குப் பட்டினி."

பிறகு எழுந்து கையை விரித்தார். மூச்சை முழுக்க இழுத்தார்.

"கட்டு."

நான் கண்ணைத் திறந்துகொண்டு கட்டினேன்.

மூன்று மணிக்குத் திரை திறந்தது. நான் சீப்போடு பக்கத்தில் நின்றேன். அந்த இடம் வந்தது. குரல் முறிந்தது. அத்தனை சனத்துக்கும் முன்னால், நேற்றுக் கேட்ட அதே தடி முறியும் சத்தம். பின்னாலிருந்து ப்ரெபென் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் மானத்தோடு அறைக்குள் இருந்திருப்பாரே என்று நினைத்தேன். வாத்தியங்கள் போய்க்கொண்டே இருந்தன. சின்யோரா தொப்பியைச் சரிசெய்து, மூச்சை எடுத்து, மிச்சத்தைக் கடைசி வரை பாடினார். கீழே இறங்கும் இடங்களில் அந்தக் குரல் தேன் போல இருந்தது. டெனிஷ்காரர் வழமை போல அடக்கமாகக் கை தட்டினார்கள்.

இடைவேளையில் அவர் அறைக்குள் வந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"உடைஞ்சுது. கண்டியே?" என்றார். "ரெண்டு வருசம் இதுக்குத்தான் பயந்தனான். நான் நிக்கிறன்தானே? அழாதை. கட்டுத் தளர்ந்து போச்சு. இறுக்கு."

அதற்குப் பிறகு அவருக்குப் பொடியன் வேடம் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். ஏஜெண்டும் விட்டுவிட்டார். ஆனால் சின்னத் தியேட்டர்களில் தாயாகவும் சூனியக்காரியாகவும் பல வருடம் பாடினாராம். அன்று நான் சொன்னது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்ல முடியும். ஒருவரின் உடம்பில் எதையாவது கட்டுவதற்கு முன் அதை அவருக்குக் காட்டிக் கேளுங்கள். எங்களுக்கு நல்லதாகப் படுவது அவருக்கு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது.

அந்தத் திங்கள் காலை எட்டு மணிக்கு ஒபீசுக்குப் போனேன். சின்யோரா முதல் ரயிலில் போய்விட்டார் என்றும், என்னைப் பற்றி முறைப்பாடு எதுவும் சொல்லவில்லை என்றும் ப்ரெபென் சொன்னார். சலவைக் கூடையில் அந்த ஊதாக் கட்டுத்துணி இல்லை. இங்கர் வெள்ளைத் துணி வெட்டித் தந்தார். மத்தியானத்துக்குள் ஓரம் அடித்து முடித்தேன்.