நடந்து போய் எடுத்த காண்டாமிருகம்

கல்யாண வீட்டுப் படக்காரனுக்குத் தாலி கட்டும் நிமிடம் ஒன்றுதான். தவறவிட்டால் மாப்பிள்ளையிடம் இன்னொருமுறை கட்டச் சொல்ல முடியாது. பிலிம் தீர்ந்துபோன கமராவோடு மணவறைக்கு முன்னால் நின்றவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இனி நான் சொல்லப்போவது சொல்லாமலே விளங்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் சின்னதாய் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தேன். சனி, ஞாயிறில் ஆர்ச்வே, லூயிஷாம் என்று கல்யாணங்கள். கிழமை நாட்களில் பாஸ்போட் படம். இதற்கு நடுவில் காட்டு விலங்குகளைப் படமெடுக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. அதிலும் காண்டாமிருகம்.

பெட்டி நிறைய

பத்திரிகைகளுக்குப் படம் கொடுக்கும் ஒரு நிறுவனம் நகரத்துக்குள் இருந்தது. நான் எடுத்த மான், அன்னப் படங்களைக் கொண்டுபோய் அங்கிருந்த வெள்ளைக்காரப் பெண்மணியிடம் காட்டினேன். பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆபிரிக்காவுக்குப் போய்க் காண்டாமிருகம் எடுக்கப்போகிறேன், வாங்குவீர்களா என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "ஜீப்புக்குள்ள இருந்து எடுத்தது என்னட்டப் பெட்டி நிறையக் கிடக்கு. நிலத்தில நிண்டு எடுத்துக்கொண்டு வாரும், பாப்பம்."

மானோடு பழகியது

அந்தக் குளிர்காலம் முழுக்க ரிச்மண்ட் பூங்காவில் மான்களிடம் பழகினேன். காற்றுக்கு எதிராக நடப்பது, முழங்காலில் ஊர்வது, பாரமான லென்ஸைக் கை நடுங்காமல் பிடிப்பது. என் மனைவி கௌரி ஆசுப்பத்திரியில் வேலை செய்தாள். லீவு நாட்களில் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு கூட வருவாள். ஒருநாள் சேற்றில் வயிற்றால் ஊர்ந்து ஒரு கிடாய் மானுக்கு முப்பது அடி வரைக்கும் போய்விட்டேன். அது ஓடவில்லை. பெருமையோடு திரும்பி வந்தேன். கௌரி தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு கேட்டாள்: "காண்டாமிருகம் வந்தால் நாங்கள் ஓடக்கூடாதெண்டு உங்கட புத்தகத்தில போட்டிருக்கு. அதை எப்ப பழகப்போறியள்?"

பயணக் காரணம்

என்னிடம் பாஸ்போட் இல்லை. அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம்தான். அதைக் கொண்டு சிம்பாப்வே விசாவுக்குப் போய் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையான மனிதர். உம்முடைய நாட்டுச் சண்டைக்குப் பயந்துதானே இங்கே வந்தீர் என்று கேட்டார். ஓம் என்றேன். இப்போது காட்டு மிருகத்துக்கு முன்னால் வெறுங்காலால் நடந்துபோய் நிற்கப்போகிறீரா என்றார். சப்பாத்துப் போட்டுக்கொண்டு என்றேன். அவர் சிரிக்கவில்லை. முத்திரையைக் குத்திவிட்டுக் கேட்டார்: "உம்மட வீட்டு ஆக்களுக்கு இது தெரியுமோ?"

கோடாலித் தைலம்

சிம்பாப்வேக் காட்டில் எனக்குக் கிடைத்தது மூன்று நாள் நடைதான். அடுத்த சனிக்கிழமை லூயிஷாமில் கல்யாணம். வழிகாட்டியின் பெயர் தெண்டாய். தோளில் துவக்கு, கையில் சாம்பல் நிரப்பிய ஒரு காலுறை. அதை உதறிப் பார்த்துத்தான் காற்று எந்தப் பக்கம் என்று அறிவான். பின்னால் வா, பேசாதே, நான் சொல்லாமல் ஓடாதே என்று மூன்றே கட்டளை. விடியலில் தொடங்கிக் கருங்கல் குன்றுகளுக்கு நடுவே நடந்தோம். சூடு ஆறாத சாணம் கண்டோம். பற்றைக்குள் ஒரு பெரிய சீறல், கிளைகள் முறியும் சத்தம், அவ்வளவுதான். மிருகம் போய்விட்டது. இரண்டாவது தடவையும் அப்படியே.

தெண்டாய் நின்று காற்றை மோந்தான். பிறகு என்னை மோந்தான். விமானத்தில் வந்த தலையிடிக்குக் காலையில் நெற்றி நிறைய நெடி வீசும் கோடாலித் தைலம் பூசியிருந்தேன். அவன் கோபிக்கவில்லை, கவலையோடுதான் கேட்டான்: "காண்டாமிருகத்துக்குக் கண்தான் சரியில்லை, மூக்கில் குறையில்லை. உன் மூக்குக்கு என்ன நடந்தது?"

கையில் கமரா இருந்தது

அன்று பின்னேரம் சவர்க்காரம் இல்லாமல் உடம்பையும் உடுப்பையும் தேய்த்துக் கழுவினேன். அடுத்தநாள் மத்தியானம் உயர்ந்த புல்லுக்குள் ஒரு தாயும் கன்றும் நிற்பதாகத் தெண்டாய் கையால் காட்டினான். நாற்பது அடி. கமராவைத் தூக்கினேன். என்னுடைய கமராவில் பிலிமைத் தானாக இழுக்கும் மோட்டார் இருந்தது. முதல் படத்திலேயே அது 'கிர்ர்' என்றது. மணவறை மேளத்துக்குள் ஒருநாளும் கேட்காத சத்தம், அங்கே லொறி ஸ்டார்ட் ஆனதுபோல் கேட்டது.

புல் பிளந்தது. தூசியும் சாம்பல் நிறமும்தான் தெரிந்தது. நிலம் அதிர்வது கால் வழியாக ஏறியது. தெண்டாய் துவக்கை உயர்த்தவில்லை. ஒரு அடி முன்னால் வைத்துக் கையைத் தட்டி உரத்துக் கத்தினான். என் கால்கள் ஓடத்தான் பார்த்தன. கௌரியின் கேள்வியை நினைத்து விரல்களைச் சப்பாத்துக்குள் மடக்கிக்கொண்டு நின்றேன். பதினைந்து அடியில் அது திரும்பியது. கன்றையும் இழுத்துக்கொண்டு பற்றைக்குள் மறைந்தது.

கமரா நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது. அது பாய்ந்து வந்தபோது ஒரு படம்கூட எடுக்கவில்லை; முதலில் எடுத்ததில் வெறும் புல்தான் விழுந்திருக்கும். நிலத்தில் குந்தித் தலையைக் கையால் தாங்கிக்கொண்டேன். தெண்டாய் தண்ணிப் போத்தலை நீட்டினான்: "ஓடாமல் நின்றாய். இன்றைக்கு அது போதும். படத்தை நாளைக்கு எடு."

மூன்றாம் நாள்

மோட்டார் கமராவை முகாமிலேயே விட்டுவிட்டேன். மாற்றுக்குக் கொண்டுவந்திருந்த, கையால் பிலிம் சுற்றும் பழைய கமராவைச் சத்தம் அமுங்க என் கழுத்துச் சால்வையால் சுற்றி, லென்ஸ் மட்டும் வெளியே தெரியக் கட்டினேன். குட்டையான ஒரு முள்மரத்தடியில் இருவரும் குந்தியிருந்தோம். எறும்பு ஏறியது. கால் விறைத்தது. இரண்டு மணித்தியாலம் நான் அசையவில்லை. அன்று படம் இல்லாமல் எழும்புவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

தனியாக ஒன்று மேய்ந்துகொண்டு வந்தது. புல் அரைபடும் சத்தம் கேட்கும் தூரம். தலையை நிமிர்த்தி எங்கள் பக்கம் பார்த்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்தேன். நாலாவதில்தான் கவனித்தேன்: மூக்கின்மேல் கொம்பு இல்லை. வெட்டிய வாழைமரத்தின் அடிபோல் ஒரு கட்டை மட்டும் இருந்தது.

அது மேய்ந்து விலகும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டேன். தெண்டாய் துவக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "கொம்புக்காகத்தான் திருட்டு வேட்டைக்காரர் கொல்லுகிறார்கள். அதனால் மயக்க ஊசி போட்டு நாங்களே அறுத்துவிட்டோம்."

கொம்போடு ஒன்று

லண்டனில் அந்தப் பெண்மணி நாலு படத்தையும் நெடுநேரம் பார்த்தார். நிலத்தில் நின்று எடுத்ததென்று தெரிகிறது, வெளிச்சமும் நல்லது என்றார். கொம்பு அறுத்த காரணத்தைச் சொன்னேன், உண்மையாகவே வருத்தப்பட்டார். படங்களை உறையில் போட்டுத் திருப்பித் தந்தார்: "சனம் காண்டாமிருகம் எண்டால் கொம்பைத்தான் தேடும். கொம்போட ஒண்டு கிடைச்சால் கொண்டு வாரும்."

மணமக்களுக்கு நடுவில்

கொம்புள்ளதைத் தேடி நான் போகவில்லை. நாலாவது படத்தைப் பெரிதாக்கிக் கடைக் கண்ணாடிக்குள் இரண்டு மணமக்கள் படத்துக்கு நடுவில் மாட்டினேன். கடைக்கு வந்தவர்கள் எருமையோ, நீர்யானையோ என்று கேட்டார்கள். கழற்றச் சொல்லிக் கௌரியே இரண்டுமுறை சொல்லிப்பார்த்தாள். நான் அசையவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அகதி விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க ஒரு அம்மா வந்தார். ஊரிலிருந்து வந்து ஒரு மாதம். கழுத்திலும் காதிலும் ஒரு பொட்டு நகை இல்லை. பிள்ளைகளோடு வந்து சேர எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்றார். படம் காயும்வரை கண்ணாடிப் பக்கம் போய் நின்றார். இது என்ன மிருகம், மூக்கில் என்ன காயம் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியில் விரலை வைத்து அந்தக் கட்டையைத் தடவினார். பிறகு சொன்னார்: "கொம்பு போனால் போகட்டும் தம்பி. மிருகம் நிக்குதெல்லே."

ஆக, எத்தனையோ மணவறைகளில் 'இஞ்சாலை பாருங்கோ' என்று கத்திக் களைத்த எனக்கு, சொல்லாமலே நேராகப் பார்த்துநின்ற ஒரே வாடிக்கையாளரான அந்தக் காண்டாமிருகம், அல்பம் கேட்டு இன்றுவரை கடைக்கு வரவேயில்லை.