ஆக்லாந்திலிருந்து வர வேண்டிய தாய்மாமன்

தனபால் விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளை பார்ப்பவர். ஒரு சூளைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால் எரியும் நேரத்தை மட்டும்தான் சொல்வார். அடுக்குவதும் ஆறவிடுவதும் கணக்கில் வராது. அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். மனுஷன் அதே கணக்கை விமானத்துக்கும் போட்டுவிட்டார்.

பேத்தி யுவஸ்ரீக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன் இளவழகன், தனபாலின் மகன், நியூசிலாந்தில் ஆக்லாந்தில் இருக்கிறான். தங்கை கவிப்ரியாவின் கல்யாணத்துக்கும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, வளைகாப்புக்கும் கிடைக்கவில்லை. தாய்வீட்டில் ஆம்பளையே இல்லையா என்று புகுந்த வீட்டுச் சொந்தங்கள் காதுபடவே பேசினார்கள். இந்த முறையும் அவன் வராவிட்டால் கவிப்ரியா அங்கே தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

தனபால் போனில் தேடினார். ஆக்லாந்துக்கும் சென்னைக்கும் சுமார் பதினோராயிரம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் பதினாலு மணி என்று வந்தது. சனிக்கிழமை ராத்திரி ஏறினால் ஞாயிறு விடியலில் சென்னை, பத்தரைக்குள் கோயில் என்று முடிவு கட்டி, சம்பந்தி வீட்டில் நாளையும் சொல்லிவிட்டார். சிங்கப்பூரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும், திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாமே என்று மகன் கெஞ்சினான். சேத்தியாத்தோப்பில் பஸ் நிற்கிற மாதிரி ஒரு டீ குடிக்கிற நேரம்தானே என்று அவர் காதிலேயே வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சியப்பர் கோயிலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். அப்போதுதான் இளவழகன் போன் செய்தான். அவன் இன்னும் சிங்கப்பூர் ஏர்போர்ட்டிலேயே காத்துக்கிடந்தான். ஊர் வந்து சேர ராத்திரி ஆகிவிடும் என்றான்.

நேரம் போகிறது, வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடலாம் என்று நாலு பேர் சொல்ல ஆரம்பித்தார்கள். கவிப்ரியா பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு நின்றாள். தனபாலுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. சம்பந்தியம்மா ராஜாம்பாளிடம் போனார். அந்த அம்மாவிடம் நின்று பேச அவருக்கு எப்போதுமே பயம்தான்.

"தப்பு என்னோடதுங்க. புள்ள அப்பவே சொன்னான், நான்தான் கேக்கல."

ராஜாம்பாள் மருமகள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கண்ணன் பம்பாயிலேருந்து வந்து சேர்றதுக்குள்ள எனக்குத் தாலி கட்டிட்டாங்க சம்பந்தி. மணையில ஒக்காந்துகிட்டு வாசலயே பாத்துகிட்டு இருந்தேன். எங்க வூட்டுப் பொண்ணுக்கு அது வாணாம். நாளைக்கும் நல்ல நேரம் இருக்குது, மாமன் வரட்டும்."

ஆசாரியை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, வந்த சனத்துக்கு இலை போடச் சொன்னாள். பிறகு மருமகளிடம் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கவிப்ரியா மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.